றப்பர் விமானத்தை றேடியோ விமானமாக மாற்றுவது எப்படி?



எங்கள் வீடுகள் பலவற்றில் அலுமாரியின் மேல்தட்டில் ஒரு பெட்டி கிடக்கும். பிள்ளையின் பிறந்தநாளுக்கு யாரோ வாங்கிக் கொடுத்த மாதிரி விமானப் பெட்டி. உள்ளே மெல்லிய பல்சா மரத் தகடுகள், சன்னக் கடதாசி, பிளாஸ்ரிக் விசிறி, ஒரு நீள றப்பர். சில வீடுகளில் அதைப் பிரிக்கவே இல்லை. சில வீடுகளில் கட்டி முடித்து, ஒருநாள் பறக்கவிட்டு, அது அயல்வீட்டுக் கூரையில் ஏறியதோடு கதை முடிந்துவிட்டது. றப்பர் விமானம் எறிந்த பிறகு எங்கள் சொற்கேளாது. அரை நிமிடமோ ஒரு நிமிடமோ, அது தன் பாட்டுக்குப் போகும்.

அதே பெட்டியை, கையில் பிடித்து இயக்கும் மின்விமானமாக மாற்றலாம். ஒரு குளிர்காலத்துச் சனி, ஞாயிறுகள் போதும். பதினொரு, பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் பெரியவர் ஒருவரும் சேர்ந்து செய்யக்கூடிய வேலை. ஆனால் மோட்டாரை வாங்கி மூக்கில் ஒட்டினால் விமானம் பறந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். எதை எடுக்க வேண்டும், எதைச் சேர்க்க வேண்டும், ஏன் என்பதை இந்தப் பக்கத்தில் விளக்குகிறேன்.

முன்கதை சுருக்கமாக

முறுக்கிய றப்பரால் நிலையாகப் பறந்த முதல் மாதிரி விமானம் பிரான்சைச் சேர்ந்த அல்போன்ஸ் பெனோ என்பவருடையது. 1871 ஆகஸ்ட் 18இல் பாரிஸ் நகரின் துயிலறி பூங்காவில் அது 11 செக்கன்களில் 40 மீற்றர் அளவு பறந்தது. அவர் அமைத்த றப்பர் ஹெலிகொப்ரர் விளையாட்டுப் பொருளைப் போன்ற ஒன்றைத்தான் 1878இல் ரைட் சகோதரர்களின் தந்தை தன் பிள்ளைகளுக்கு வாங்கி வந்தார். அந்த விளையாட்டிலிருந்தே தங்களுக்கு ஆர்வம் பிறந்தது என்று சகோதரர்கள் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்கள்.

மின்மோட்டாரால் மாதிரி விமானம் பறக்கவைக்கும் முயற்சியும் பழையது. 1957 ஜூன் 30இல் இங்கிலாந்தில் கேணல் டப்ளின் என்பவர் 'றேடியோ குயீன்' என்ற விமானத்தை மின்சாரத்திலும் றேடியோக் கட்டுப்பாட்டிலும் பறக்கவைத்தார். ஆனால் அக்காலப் பற்றரிகள் பாரமானவை. சின்னப் பல்சா விமானம் அந்தப் பாரத்தைத் தாங்காது. 2000களின் தொடக்கத்தில் லிதியம் பொலிமர் பற்றரி பொழுதுபோக்குக் கடைகளுக்கு வந்த பிறகே எங்கள் அலுமாரிப் பெட்டிக்கு வழி பிறந்தது. ஒரே எடையில் முறுக்கிய றப்பரைவிடப் பல பத்து மடங்கு சக்தியை இந்தப் பற்றரி சேமிக்கும்.

எந்த விமானத்தைத் தெரிவது?

புதிதாகத் தொடங்குபவர் போர் விமானப் பெட்டியை எடுக்க வேண்டாம். அவற்றின் இறக்கை கீழேயும் சிறிதாகவும் இருக்கும். வேகமாகப் போனால்தான் மிதக்கும். இறக்கை மேலே இருக்கும் சிறு பயணிகள் விமானமே நல்லது. அப்படியான பெட்டிகள் பல உண்டு. இந்தக் கட்டுரைக்கு உதாரணமாக 24 அங்குல இறக்கையுள்ள டிஎச்சி-2 பீவர் விமானத்தை எடுக்கிறேன். அது எங்கள் ரொறன்ரோவின் சொந்தப் பிள்ளை. டவுன்ஸ்வியூவில் இருந்த டி ஹாவிலண்ட் தொழிற்சாலையில் பிறந்து, 1947 ஆகஸ்ட் 16இல் முதன்முதல் பறந்தது. வடக்கே வீதி இல்லாத ஊர்களுக்கு ஆளும் பொருளும் மருந்தும் கொண்டுபோன விமானம் அது. அதன் மூக்கு அகலமானது; மோட்டாருக்கும் பற்றரிக்கும் உள்ளே இடம் உண்டு.

உண்மையான பீவரின் இறக்கை 48 அடி. 24 அங்குல மாதிரி சரியாக 24இல் ஒரு பங்கு. உண்மையான இறக்கைப் பரப்பு 250 சதுர அடி. அதை 24ஆல் இரண்டு தரம் வகுத்தால் மாதிரியின் பரப்பு கிடைக்கும். அது சுமார் 400 சதுர சதமமீற்றர். இந்த இலக்கத்தை மனதில் வைத்திருங்கள். மிச்சமெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

எடைப் பாதீடு

நான் தொழிலால் கணக்காளர். எனவே பாதீட்டிலிருந்தே தொடங்குகிறேன். ஆறுதலாகப் பறக்கும் சின்ன விமானத்துக்கு ஒவ்வொரு 100 சதுர சதமமீற்றர் இறக்கையும் 20 கிராமுக்கு மேல் சுமக்கக் கூடாது. 400 சதுர சதமமீற்றருக்கு உச்சவரம்பு 80 கிராம். அதற்குக் கீழே எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்கு விமானம் மெதுவாகப் பறக்கும். பிள்ளைக்கு யோசிக்க நேரம் கிடைக்கும். எங்கள் இலக்கு இப்படி:

உடல், இறக்கை, வால் (கடதாசி போர்த்தியபின்): 38 கிராம்
பற்சில்லுள்ள மோட்டார்: 8 கிராம்
விசிறி: 2 கிராம்
றிசீவர் தட்டு: 4 கிராம்
பற்றரி: 8 கிராம்
தள்ளுகோல்கள், வயர், பசை: 3 கிராம்
சில்லும் கம்பிக் காலும்: 4 கிராம்
மொத்தம்: 67 கிராம்

இலக்குக்கும் வரம்புக்கும் இடையில் 13 கிராம் கையிருப்பு. அது பசையாகவும் நிறப்பூச்சாகவும் பழுது பார்த்த துண்டுகளாகவும் செலவாகும். ஆகையால் ஒரு கிராம் அளக்கும் சமையலறைத் தராசு இல்லாமல் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம். ஒவ்வொரு பகுதியையும் முடித்தவுடன் நிறுத்து, கொப்பியில் எழுதுங்கள். இதைப் பிள்ளையிடமே ஒப்படையுங்கள். பாதீடு என்றால் என்ன என்று பள்ளிக்கூடத்தில் படிப்பதைவிட இதில் நன்றாக விளங்கும்.

எதை எடுக்க வேண்டும்?

முதலில் றப்பர், அதைக் கொழுவும் பின்தடி, பிளாஸ்ரிக் மூக்கு, பெரிய விசிறி ஆகிய நான்கும் வேண்டாம். அந்த விசிறி மெதுவாகச் சுழலும் றப்பருக்காகச் செய்தது. வேகமாகச் சுழலும் சின்ன மோட்டாரில் அதைப் பூட்டினால் மோட்டார் சூடேறி எரியும்.

அடுத்தது மரம். பல பெட்டிகளில் வரும் பல்சா பாரமானது. றப்பரின் முறுக்கு உடலை நசுக்கப் பார்க்கும் என்பதால் உடற்சட்டங்களும் தடிப்பாக இருக்கும். அந்த நசுக்கும் விசை இப்போது இல்லை. குறுக்குச் சட்டங்களில் நடுப்பகுதியை வெட்டி எடுக்கலாம். வால் பகுதிக்கு மட்டும் கடையில் இலேசான பல்சாத் தகடு வாங்கி, பெட்டியில் உள்ள துண்டுகளை அச்சாக வைத்து வெட்டினால் நல்லது.

வாலில் ஏன் இவ்வளவு கஞ்சத்தனம்? தராசுத் தத்துவம்தான். இந்த விமானத்தில் வால், சமநிலைப் புள்ளியிலிருந்து சுமார் 25 சதமமீற்றர் பின்னால் இருக்கிறது. மூக்கு 10 சதமமீற்றர்தான் முன்னால். வாலில் ஒரு கிராம் கூடினால் அதைச் சமன்செய்ய மூக்கில் இரண்டரை கிராம் வைக்க வேண்டும். ஒரு கிராம் கடனுக்கு மூன்றரை கிராம் கட்டுகிறோம். இப்படி வட்டி கேட்கும் கடனை யார் வாங்குவார்?

எதைச் சேர்க்க வேண்டும்?

இறக்கையில் அசையும் பகுதி தேவையில்லை. வால்செட்டையின் சுக்கான் இடம் வலம் திருப்பும்; கிடைவாலின் மடிப்பு மேலே கீழே கொண்டுபோகும்; மோட்டாரின் வேகம் ஏற்றி இறக்கும். இந்த மூன்றும் போதும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. சுக்கானால் மட்டும் திரும்பும் விமானத்துக்கு இறக்கை முனைகள் நடுப்பகுதியைவிட உயர்ந்திருக்க வேண்டும். சுக்கான் மூக்கைத் திருப்பும்போது, உயர்ந்த முனைகள்தான் விமானத்தைச் சாய்த்து வளைவுக்குள் கொண்டுபோகின்றன. 24 அங்குல இறக்கைக்கு ஒவ்வொரு முனையும் 30 முதல் 38 மில்லிமீற்றர் வரை உயர்ந்திருக்கட்டும். வரைபடத்தில் அதைவிடக் குறைவாக இருந்தால் கூட்டுங்கள்.

சுக்கானையும் கிடைவால் மடிப்பையும் தனியாக வெட்டி, மெல்லிய பிளாஸ்ரிக் படலத் துண்டுகளால் கீல் போடுங்கள். விரலால் தொட்டால் தானாக அசைய வேண்டும். இறுக்கமான கீலைச் சின்னச் சேர்வோ அசைக்காது. சுக்கானுக்கு இருபுறமும் 25 பாகை, கிடைவாலுக்கு மேலும் கீழும் 15 பாகை அசைவு தொடக்கத்துக்குப் போதும்.

மூக்கில் ஒரு மில்லிமீற்றர் தடிப்பான பிளைவூட் துண்டை ஒட்டி, அதில் மோட்டாரைப் பூட்டுங்கள். மோட்டாரின் தண்டு இரண்டு, மூன்று பாகை கீழேயும் அதேயளவு வலப்பக்கமும் பார்க்கட்டும். கீழ்ச்சாய்வு இல்லாவிட்டால் வேகத்தைக் கூட்டும்போது மூக்கு வானத்தைப் பார்க்கும். வலச்சாய்வு, விசிறியின் எதிர்ச்சுழற்சி விமானத்தை இடப்பக்கம் இழுப்பதைத் தடுக்கும்.

மோட்டாருக்கு 8.5 மில்லிமீற்றர் விட்டமுள்ள, பற்சில்லோடு வரும் சின்ன மோட்டாரும் 5 அங்குல விசிறியும் பொருந்தும். றிசீவர், இரண்டு சேர்வோ, மோட்டார் வேகக் கட்டுப்பாடு எல்லாம் ஒரே தட்டில் அடங்கியதாக 4 கிராமில் கிடைக்கின்றன. வாங்குமுன் ஒன்றைக் கவனியுங்கள்: எல்லா றிசீவரும் எல்லா ட்ரான்ஸ்மிற்றரோடும் பேசா. இரண்டும் ஒரே முறையைச் சேர்ந்தவையா என்று கேட்டு வாங்குங்கள்.

செலவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ட்ரான்ஸ்மிற்றரும் சார்ஜரும் மூலதனச் செலவு. ஒருமுறை வாங்கினால் அடுத்த விமானத்துக்கும் அதற்கடுத்ததற்கும் உதவும். இரண்டு, மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒன்றை வாங்கினாலும் குறைவில்லை.

அலைவரிசை பற்றி ஒரு வார்த்தை

வானொலிக்காரர் இதைச் சொல்லாமல் விடமுடியாது. முன்பு இங்கே மாதிரி விமானங்கள் 72 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கின. ஒரே மைதானத்தில் இரண்டு பேர் ஒரே சானலைத் திறந்தால் ஒருவருடைய விமானம் விழும். அதனால் கழகங்களில் பலகையொன்றில் சானல் இலக்கக் கிளிப் மாட்டி முறைவைத்தார்கள். 2000களின் நடுப்பகுதியில் 2.4 கிகாஹேர்ட்ஸ் கருவிகள் வந்தன. இவை தங்கள் றிசீவரை மட்டும் இனங்கண்டு பேசுகின்றன. பலர் ஒரே நேரத்தில் பறக்கலாம். பழைய 72 மெகாஹேர்ட்ஸ் கருவியை யாராவது சும்மா தந்தால் அதை நம்பித் தொடங்க வேண்டாம்.

ஒரு ஒழுங்கு பழக்கமாக வேண்டும். பறக்குமுன் முதலில் ட்ரான்ஸ்மிற்றர், பிறகு விமானப் பற்றரி. இறங்கியபின் முதலில் பற்றரி, பிறகு ட்ரான்ஸ்மிற்றர். மாறிச் செய்தால், கையில் இருக்கும்போதே விசிறி சுழலலாம். விசிறியைக் கழற்றிவிட்டு மோட்டாரை ஓடவிட்டு, ட்ரான்ஸ்மிற்றரை நிறுத்திப் பாருங்கள். மோட்டார் தானாக நிற்க வேண்டும். நிற்காத விமானத்தை வெளியே கொண்டுபோகாதீர்கள்.

பற்றரியும் நிலவறையும்

இந்தப் பகுதியைப் பெற்றோர் இரண்டு தரம் வாசியுங்கள். லிதியம் பொலிமர் பற்றரி சின்னதென்றாலும் தீப்பிடிக்கக் கூடியது. ஒரு செல் பற்றரியின் முழு அளவு 4.2 வோல்ற். 3.5 வோல்ற்றுக்குக் கீழே இறக்கினால் ஆயுள் குறையும்; 3 வோல்ற்றுக்குக் கீழே போனால் அதை மறுபடி சார்ஜ் செய்ய வேண்டாம். 300 மில்லி அம்பியர்-மணிப் பற்றரியை 0.3 அம்பியரில் சார்ஜ் செய்தால் சுமார் ஒரு மணித்தியாலம் எடுக்கும். அந்த நேரம் முழுவதும் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். இரவில் பூட்டிவிட்டுப் படுப்பது கூடவே கூடாது. கட்டில், சோபா, கம்பளம் ஆகியவற்றில் வைக்காமல், சீமெந்துத் தரையில் மட்பாண்டத் தட்டின்மேல் வையுங்கள். பல நாள் பாவிக்காவிட்டால் 3.8 வோல்ற் அளவில் வையுங்கள். வீங்கிய பற்றரியைக் குப்பைக்குள் போடாமல் மீள்சுழற்சி நிலையத்தில் கொடுங்கள். உறைநிலைக்குக் கீழே குளிர்ந்த பற்றரியைச் சார்ஜ் செய்யாதீர்கள். காருக்குள் கிடந்ததென்றால் வீட்டுக்குள் வைத்துச் சூடு திரும்பிய பிறகு செய்யுங்கள்.

இங்கே எங்களில் பலருடைய வேலைமேசை நிலவறையில்தான். அதே நிலவறையில் எரிவாயு நீர்க்கொதிகலனும் வீட்டைச் சூடாக்கும் அடுப்பும் இருக்கும். கடதாசியை இறுக்கப் பூசும் டோப் என்ற திரவத்தின் ஆவி எளிதில் தீப்பற்றும். அதை நிலவறையில் பூசவே வேண்டாம். கோடைக்கு ஒத்திவையுங்கள், அல்லது தண்ணீரில் கரைத்த வெள்ளைப் பசையால் கடதாசியை ஒட்டி, மேலே தண்ணீரைப் புகைபோலத் தெளித்து இறுக்குங்கள். நிலவறையில் வாடகைக்கு ஒரு குடும்பம் இருந்தால் இந்தக் கவனம் இரண்டு மடங்காக வேண்டும்.

பறக்குமுன் மூன்று சோதனை

முதலாவது, சமநிலை. இறக்கையின் அகலம் 66 மில்லிமீற்றர். முன்விளிம்பிலிருந்து 17 முதல் 20 மில்லிமீற்றர் பின்னால் இரண்டு விரல் நுனிகளால் தாங்கினால் விமானம் மட்டமாக நிற்க வேண்டும். வால் தாழ்ந்தால் பற்றரியை முன்னே நகர்த்துங்கள். பற்றரி இடம் மாற்றக் கூடியதாக இருந்தால் மூக்கில் ஈயம் வைக்கத் தேவையிராது.

இரண்டாவது, இழுவை. விமானத்தின் வாலைத் தராசில் வைத்து, மூக்கு மேலே பார்க்கும்படி மெதுவாகத் தாங்கி, மோட்டாரை முழு வேகத்தில் ஓட்டுங்கள். விசிறிக்கு முன்னால் முகத்தைக் கொண்டுபோகாதீர்கள். 67 கிராம் காட்டிய தராசு 33க்குக் கீழே வந்தால் இழுவை எடையின் பாதிக்கு மேல். அது போதும்.

மூன்றாவது, நேரம். மோட்டார் முழு வேகத்தில் 2 அம்பியர் எடுத்தால், 300 மில்லி அம்பியர்-மணி 9 நிமிடம் வரும். ஐந்தில் நாலு பங்கை மட்டும் செலவழித்தால் 7 நிமிடம். ஐந்து நிமிடத்துக்கு மணிக்கூட்டை வைத்துவிட்டு இறக்குங்கள்.

பிறகு காற்றில்லாத காலையோ மாலையோ, உயர்ந்த புல்லுள்ள வெளியில் மோட்டார் இல்லாமல் மட்டமாக விடுங்கள். தலைகுப்புற விழுந்தால் மூக்கு பாரம். எழும்பிப் பின் விழுந்தால் வால் பாரம். நேராக வழுக்கி இறங்கினால் மட்டும் மோட்டாரை இயக்குங்கள். விமானம் எங்களை நோக்கி வரும்போது இடம் வலம் மாறித் தெரியும். தொடக்கக்காரர் விமானத்தை இழப்பது பெரும்பாலும் அப்போதுதான். ஒரு வழி உண்டு: எந்தச் செட்டை தாழ்கிறதோ அந்தப் பக்கம் குச்சியைத் தள்ளுங்கள், விமானம் நிமிரும்.

சட்டமும் வீட்டுப் பெரியவர்களும்

கனடாவில் 2019 ஜூன் முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி, 250 கிராமுக்குக் குறைந்த விமானத்தைப் பதியத் தேவையில்லை; இயக்குபவருக்குச் சான்றிதழும் தேவையில்லை. ஆனால் ஆட்களுக்கோ வேறு விமானங்களுக்கோ ஆபத்து வரும்படி பறப்பது குற்றம். கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், 122 மீற்றர் உயரத்துக்குக் கீழே, விமான நிலையங்களுக்கு அப்பால் பறவுங்கள். பூங்காக்களுக்கு மாநகரசபைகள் தனி விதி வைத்திருப்பதால் கேட்டுவிட்டுப் போங்கள். நாட்டின் மாதிரி விமானக் கழகங்களில் சேர்ந்தால் மைதானமும் காப்புறுதியும், குளிர்காலத்தில் உள்ளரங்கப் பறப்பும் கிடைக்கும். 67 கிராம் விமானம் உள்ளரங்குக்கும் உகந்தது. எங்கள் பிள்ளை விதியைத் தெரிந்துகொண்டு நிமிர்ந்து நின்று பதில் சொல்லப் பழகட்டும். யாராவது வந்து கேட்டால் அந்தப் பதில் உதவும்.

இன்னொரு அனுமதியும் வேண்டும். அதை அரசாங்கம் தராது. எங்கள் வீடுகளில் விமானச் சத்தத்தைக் கேட்டால் இன்றும் ஒரு கணம் நிமிர்ந்து பார்க்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வானத்திலிருந்து வந்த சத்தம் பதுங்குகுழிக்கு ஓடவேண்டிய சத்தம். பேரப்பிள்ளை விமானம் செய்வதைக் கண்டு அம்மம்மா முகம் திருப்பினால் அதைக் கோபமென்று எடுக்காதீர்கள். முதலில் அவவிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். கையில் கொடுங்கள். ஒரு முட்டையைவிடச் சற்றுத்தான் பாரம். கடதாசிக்கு நிறம் தெரியச் சொல்லிக் கேளுங்கள். மோட்டார் ஓடுவதை அவ அறிந்திருக்கும்போது மட்டும் ஓட்டுங்கள், திடீரென்று வேண்டாம். போர் விமானப் பெட்டியை விட்டுப் பீவரை எடுத்ததற்கு இறக்கையைத் தவிர எனக்கு இதுவும் ஒரு காரணம். மருந்தும் தபாலும் கொண்டுபோன விமானம் என்று பிள்ளை தமிழில் அவவுக்கு விளங்கப்படுத்தட்டும். விளங்கப்படுத்தச் சொற்கள் தேடுவான். இல்லாத சொல்லை அவ எடுத்துக் கொடுப்பா.

குளிர்காலம் நீண்டது. பெட்டியை இறக்குங்கள், தராசை எடுங்கள், முதல் தகட்டை நிறுத்து எழுதுங்கள். வேலை நடக்கும்போது எழும் கேள்விகளை நிலையத்துக்கு எழுதி அனுப்புங்கள்; பதில்களை நிகழ்ச்சியில் சேர்த்துச் சொல்லுவேன்.